கெய்சரும் ஆம்பூர்த் தண்ணீரும்

மார்கழிக் குளிர் தொடங்குமுன் கெய்சரைப் பழுது பார்க்கச் சொல்லும் குறிப்புகளை ஆண்டுதோறும் படிக்கிறீர்கள். உப்புப் படிந்த கம்பி மின்சாரத்தை விழுங்கும் என்கிறார்கள். உண்மைதானா?

15 லிட்டர் நீரை 22 டிகிரியிலிருந்து 45 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.4 யூனிட் தேவை. கம்பியோ நீருக்குள் மூழ்கியிருக்கிறது. அதில் பிறக்கும் வெப்பம் வேறெங்கே போகும்? படிவைக் கடந்து நீருக்குத்தான் வர வேண்டும். விறகு பாய்லரில் படிவு இருந்தால் வெப்பம் புகையோடு போய்விடும்; விறகு வீண். இரண்டையும் ஒன்றாக எண்ணியதே குறிப்பெழுதுவோரின் பிழை.

கேடு வேறிடத்தில் இருக்கிறது. படிவு தடுப்பதால் கம்பியின் வெப்பநிலை மிகுந்து, அதன் உறை வெடிக்கும். நம் பாலாற்றுப் பகுதியில் தோல் கழிவு நீரையும் மண்ணையும் கெடுத்ததை 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எடுத்துரைத்தது. தோலில் தூவும் சோற்றுப்பு கம்பியில் படிவதில்லை (படிவன கால்சியம், மக்னீசிய உப்புகளே). அது கரைந்து நின்று உலோகத்தை அரிக்கும். நீரின் மின்கடத்தும் திறனையும் கூட்டும். உறை வெடித்த கம்பி, உப்பு நீர், எர்த் இல்லாத குளியலறை: மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நான் படித்த குறிப்புகள் மின்கட்டணத்தைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன. நீங்கள் எலெக்ட்ரீசியனை அழைத்து முதலில் எர்த் இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். படிவை அதன்பின் சுரண்டலாம்.