அட்டையில் ஓர் அன்னம்

வீட்டில் சின்ன சி.என்.சி. எந்திரம் வைத்து மரத்தில் பூ வெட்டிப் பழக ஆசைப்படுகிறவர்கள், அதை வாங்குமுன் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்கு ஒருநாள் போய்வர வேண்டும். கூடத்திலேயே தறி. நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து கோத்துத் தொங்கும், ஓட்டையிட்ட அட்டைகள். எண்ணுக்குக் கட்டுப்படும் எந்திரம் வீடு புகுந்த கதை இந்த ஊருக்குப் பழசு.

மிதியை அழுத்தினால் ஓர் அட்டை ஊசிகளின்மேல் வந்து சாய்கிறது. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழையும்; அதன் கொக்கி ஏறிப் பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் இழை கிடந்தபடி கிடக்கும். அந்தத் திறப்பில் ஜரிகை ஓடுகிறது. ஓர் ஓட்டத்துக்கு ஓர் அட்டை. நெய்யும் அன்னத்தின் கழுத்து, அட்டைக்கு முன் வரையும் கட்டத்தாளில் வெறும் படிக்கட்டுதான். பட்டில் அந்தப் படிகள் கரைந்து வளைவாகிவிடுகின்றன. இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும்.

1804-இல் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய முறை இது. 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. காட்டிய உலோகம் செதுக்கும் எந்திரமும் துளையிட்ட காகித நாடாவைப் படித்தே நகர்ந்தது. இன்று மேசைமேல் வைக்கும் எந்திரத்தின் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றைப் பெரும்பாலும் 200 எட்டுகளாக வைக்கிறது. அதுவும் படிக்கட்டுதான்.

ஆனால் அட்டைக்குத் தெரியாதவை உண்டு. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஊடை இழையை ஓட்டும் நாடாக்கள் மூன்று, துணைக்கு இன்னொருவர். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரு நிற ஊடையையும் கையால்தான் பிணைக்கிறார்கள். தறிப்பலகையை அடிக்கும் வேகம் தளர்ந்தால், அட்டை சரியாக இருந்தும் அன்னத்தின் கழுத்து நீண்டுவிடும்.

மரத்திலும் அப்படித்தான். பலகை இம்மி நகர்ந்தாலும் வெட்டும் முனைக்கு அது தெரியாது. பூவை இடம் மாற்றி வெட்டிக்கொண்டே போகும். அதனால் முதல் மாலை முழுவதையும் பலகையைச் சமன்பார்த்து இறுகப் பிடிக்க வைப்பதிலேயே செலவிடலாம். பிறகு முனையை மரத்தில் படாமல் உயர்த்தி, முழு வடிவத்தையும் காற்றில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அன்னம் முடிந்து, அதன் மேல் அடுத்ததன் கால்விரல் ஜரிகையில் தெரியத் தொடங்கும்.