ஒரு மாதக் கெடு

கென் லோச் எடுத்த 'இட்ஸ் எ ஃப்ரீ வேர்ல்ட்' (2007) படம் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். பாட்டு, ஃபைட் எதுவும் கிடையாது. ஆஞ்சி என்ற லண்டன்காரி, போலந்துக்குப் போய் வேலைக்கு ஆள் பிடிக்கிறாள். அவள் வேலையே போய்விடுகிறது. தோழி ரோஸைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஏஜென்சி ஆரம்பிக்கிறாள். ஆபீஸ்? ஒரு பப்பின் பின்பக்கம். காலையில் ஆட்கள் கூடுகிறார்கள். 'நீ வண்டியில ஏறு, நீ நாளைக்கு வா' - அவ்வளவுதான் இன்டர்வியூ!

ஆஞ்சி கெட்டவள் இல்லை என்பதுதான் விசேஷம். பேப்பர் இல்லாத ஓர் இரானியக் குடும்பத்தைப் பரிதாபப்பட்டு வீட்டுக்கே அழைத்து வருகிறாள். அப்புறம், தன் ஆட்களைத் தங்கவைக்க இடம் வேண்டுமென்று அந்தக் குடும்பம் இருக்கிற கேரவன் முகாமையே அதிகாரிகளுக்குப் போன் போட்டுக் காட்டிக்கொடுக்கிறாள். (கதையைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். சொன்னாலும் கெடாத படம்.)

எனக்கு ஒரே குறை. இரானியனுக்குப் பேப்பர் இல்லை, சரி. போலந்துக்காரன் சட்டப்படி வந்தவனாச்சே, அவன் ஏன் பயந்து நிற்கிறான்? படம் இதை விளக்க மெனக்கெடவில்லை. பிரிட்டிஷ்காரர்களுக்குத் தெரிந்த கதை. நமக்கு?

2004 மே 1-ம் தேதி பத்து நாடுகள் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தன. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் உடனே வேலைக் கதவைத் திறந்தன. பிரிட்டன் மட்டும் வாசலில் ஒரு மேஜையையும் போட்டது. போலந்து உள்ளிட்ட எட்டு நாட்டுக்காரர்கள் வேலையில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் பதிவுக்கு மனுப்போட வேண்டும். கட்டணம் ஆரம்பத்தில் 50 பவுண்டு, பிற்பாடு 90. முதலாளி மாறினால் மறுபடி சர்டிஃபிகேட். பதிவோடு பன்னிரண்டு மாதம் வேலை பார்த்த பிறகுதான் மற்ற ஐரோப்பியர்களின் உரிமை. நடுவில் வேலை போனால், பெரும்பாலும் சர்க்கார் உதவியும் கிடையாது.

மனுவோடு வேலைக்கான அத்தாட்சி வைக்க வேண்டும். அதை யார் தருவது? முதலாளிதான். ஆஞ்சி மாதிரி ஒருத்தி 'அடுத்த வாரம் பாக்கலாம்' என்று இழுத்தடித்தால்? பதிவில்லாத ஆளை வைத்திருந்தால் முதலாளி மேலும் கேஸ் போடலாம் என்று சட்டம் சொன்னது, வாஸ்தவம். ஆனால் கணக்கில் வராமல் போனது தொழிலாளியின் மாதங்கள்.

லாத்வியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு நிஜமாகவே இது நடந்தது. வேலை பார்த்தார். பதிவு மட்டும் லேட். 2012-ல் முதியோருக்கான உதவித்தொகை கேட்டபோது, அந்தப் பதிவில்லாத மாதங்களைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள். விடாமல் வழக்காடினார். 2009-ல் இந்தத் திட்டத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்ததே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2019-ல். திட்டத்தை மூடி எட்டு வருடம் ஆகியிருந்தது!

இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள். கடைசியில் ஆஞ்சி கீவ் நகரத்தில் ஆள் எடுக்கிறாள். உக்ரைன் அந்த எட்டு நாடுகளில் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த மேஜைகூடக் கிடையாது.