படுதாவில் எழுதிய மலை

கல்யாண ஆல்பத்தை விமர்சனம் செய்யலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாவலை விமர்சிக்கலாம், நாடகத்தை விமர்சிக்கலாம். ஒரு குடும்பத்தார் தங்கள் சந்தோஷத்துக்காக எடுத்து வைத்திருக்கும் படங்களை மூன்றாம் மனிதன் எடை போடுவது மரியாதையா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் நாவலே நுழையாத வீடுகள் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. கல்யாணப் படம் நுழையாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தனை பேர் பார்த்துப் பார்த்து மகிழ்கிற ஒரு கலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது.

என்னை இதை எழுதத் தூண்டியவை இரண்டு. ஒன்று, 1964-ம் வருஷம் ஆனி மாதம், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் நடந்த என் அக்காள் கல்யாணத்தில் எடுத்த ஒரே ஒரு படம். மற்றொன்று, அதே அக்காளின் பேத்திக்கு 2024 ஆவணியில் கல்யாணம் நடந்தபோது எடுத்த ஆல்பம். இரண்டிலும் மலை இருக்கிறது. எங்கள் ஊரில் மலை கிடையாது.

கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் விசேஷம் புரியும். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற மானாவாரி நிலம். கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தாலோ செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வானம் தெளிந்த நாளில் மேற்கே அடிவானத்தில் ஒரு நீலக் கோடு தெரியும். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனி, ஆடியில் வருகிற மேகத்தையெல்லாம் அந்த மலையே வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு வெறும் காற்றைத்தான் அனுப்பும். ஐப்பசி பிறந்தால்தான் எங்களுக்கு மழை. ஆகவே கரிசல்காரனுக்கு மலை என்பது வெறும் அழகான காட்சியல்ல. தண்ணீர் இருக்கிற இடம், தனக்குக் கிடைக்காத இடம்.

அந்த ஆசையை முதலில் புரிந்துகொண்டவர்கள் ஸ்டூடியோக்காரர்கள். படம் பிடிக்கிற அறையின் பின்சுவரில் ஒரு படுதா தொங்கும். அதில் மலை, அருவி, ஏரி, ஏரியில் ஒரு படகு. கோவில்பட்டியில் இந்தப் படுதாவுக்குத் தனிச் சரித்திரமே உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போன சி. கொண்டையராஜு 1940-களில் இந்த ஊரில்தான் வந்து தங்கினார். 1898-ல் பிறந்து 1976-ல் காலமான அவரும், அவருடைய சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாகத் தேசமெங்கும் போயின. நாடக மேடையில் தொங்கிய மலையும் நீரும் காலண்டரில் சாமிக்குப் பின்னால் வந்தன. ஸ்டூடியோவில் சம்சாரிக்குப் பின்னாலும் வந்தன. ராஜாவுக்கும் சாமிக்கும் நமக்கும் ஒரே மலை. இதைவிடப் பெரிய சமத்துவத்தை அந்தக் காலத்தில் வேறு எங்கே கண்டோம்?

எழுதிய மலை போலி மலைதானே என்று சிரிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்துக் காமிராத் தகடுகள் நீல நிறத்தை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். படத்தில் அது வெள்ளையாகத்தான் விழும். தூரத்து மலையோ நீலமாகத் தெரிவது. ஆகவே நிஜ மலைக்கு எதிரில் காமிராவை வைத்தால், மலை வானத்தோடு கரைந்து காணாமல் போய்விடும். படத்தில் மலை வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தத் தகடுகள் வழக்கொழிந்த பிறகும் படுதா போகவில்லை. கண்ணுக்கு அது பழகிவிட்டது.

இனி அக்காள் கல்யாணப் படத்துக்கு வருகிறேன். டவுனிலிருந்து படக்காரர் பஸ்ஸில் வந்தார். முக்காலி, காமிராப் பெட்டி, கறுப்புத் துணி, இவற்றோடு மூங்கிலில் சுருட்டிய மலையும் வந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. வீட்டு முற்றத்தில் மலையைக் கட்டினார்கள். நாற்காலியில் தாத்தாவும் பெரியவர்களும். நடுவில் மாப்பிள்ளையும் அக்காளும். பின்வரிசையில் மாமன்மார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். தரையில் என் போன்ற வாண்டுகள். ஆனி மாதத்துக் காற்று. மலை பாய்மரம் மாதிரி உப்பியது.

படத்தை இன்று பார்த்தாலும் அதன் அமைப்பு எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இருபத்துமூன்று பேர், ஒருவர் முகத்தை ஒருவர் மறைக்கவில்லை. யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு எவ்வளவு மரியாதை என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிகிறது. மலை பின்னால், சற்று மங்கலாக, தன் இடம் தெரிந்து நிற்கிறது. ஒரு குடும்ப நாவலின் முதல் அத்தியாயத்தை இதைவிடக் கச்சிதமாக யாரும் எழுதிவிட முடியாது.

ஆனால் வலது ஓரத்தில் உற்றுப் பார்த்தால், அந்த மலையின் விளிம்பில் நாலு விரல்கள் தெரியும்.

அவை என் அத்தையின் விரல்கள். அப்பாவின் தங்கை. இருபத்திரண்டு வயதில் தாலி இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். என்னை வளர்த்தவள் அவள்தான். கல்யாணத்துக்கு மாவு இடித்தது, கோலம் போட்டது, பந்திக்குக் காய் நறுக்கியது எல்லாம் அவள். படத்துக்கு மட்டும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மங்கல காரியம் அல்லவா? காற்றில் மூங்கில் சாய்ந்தபோது, "யாராவது பின்னால நின்னு பிடிங்க" என்று படக்காரர் சத்தம் போட்டார். அதற்கு அவள் போனாள்.

இப்போது இரண்டாவது ஆல்பம். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் படக்காரர்களோடு கொடைக்கானல் போனார்கள். அவுட்டோர் என்று பெயர். 2024 மே மாதத்தில், நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருந்தது. அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். தீபாவளிக்கு ஆல்பம் வந்தது. தூக்க இரண்டு கை வேண்டும்.

முதல் பத்துப் பக்கங்களில் மலைதான். பைன் மரங்களுக்கு நடுவே ஓடுகிறார்கள். பள்ளத்தாக்கைப் பார்த்து முதுகு காட்டி நிற்கிறார்கள். டிரோன் என்ற பறக்கும் காமிரா எடுத்த படத்தில் மலை முழுவதும் விழுந்திருக்கிறது. மனிதர்கள் இரண்டு கடுகு. வர்ணங்கள் பிரமாதம். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைவாகச் சொல்லவில்லை. விடியற்காலைப் பனியில் கூர்மை கெடாமல் படம் எடுப்பது லேசான காரியமல்ல. இருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறை. மலை நிஜமான உடனே மனிதர்கள் படுதாவாகிவிட்டார்கள். யாரோ சொல்லிக்கொடுத்தபடி சிரிக்கிறார்கள். யாரோ எண்ணிச் சொன்ன கணக்குக்குத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பத்துப் பக்கங்களில் வேறொரு ஜோடியை வைத்தாலும் மலை ஆட்சேபிக்காது. அக்காள் படத்தில் ஒரு மாமாவை மாற்றினால்கூடப் படம் குலைந்துபோகும்.

பழையது உசத்தி, புதியது மட்டம் என்று இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருப்பேன். நல்ல வேளையாக ஆல்பத்தை மேலும் புரட்டினேன்.

பின்பகுதியில் ஒரு படம். எங்கள் வீட்டுக் கொல்லை வாசற்படி. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த அண்டா. படியில் என் அத்தை, எண்பத்திரண்டு வயதுக் கிழவி, வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருக்கிறாள். மணப்பெண் முகூர்த்தப் புடவையோடு குனிந்து அவள் காதில் ஏதோ சொல்கிறாள். அத்தை பொக்கை வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறாள். இருவருக்கும் படம் எடுப்பது தெரியாது. கேண்டிட் என்கிறார்களே, அது. எங்கள் குடும்பத்து மங்கல காரியம் ஒன்றில் அத்தையின் முகம் விழுந்த முதல் படம் அதுதான்.

எடுத்த பையனை விசாரித்தேன். "இது ஆல்பத்துல வேண்டாம்னு பெரியவங்க சிலபேர் சொன்னாங்க, தாத்தா. அந்த அக்காதான் கட்டாயம் வைக்கணும்னு பிடிவாதமா நின்னாங்க" என்றான்.

என் விமர்சனம் முழுவதும் அங்கே நின்றுபோயிற்று. நான் மெச்சிய கச்சிதமான அமைப்பு ஒருத்தியைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி வைத்து உண்டானது. நான் குறை சொன்ன புதுப் பழக்கம், யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு நிற்காமல், அவளைப் பார்த்துவிட்டது. காமிரா பார்த்தது மட்டும் போதவில்லை; ஒரு பெண் பிடிவாதம் பிடிக்கவும் வேண்டியிருந்தது. 1964-ல் அப்படிப் பிடிவாதம் பிடிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. ஆகவே கல்யாணப் படத்தை எடை போட எனக்குத் தெரிந்த தராசு ஒன்றே ஒன்று: மலை நிஜமா, எழுதியதா என்பதல்ல, அந்தப் படத்துக்கு வெளியே யாரை நிறுத்தினார்கள் என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறது. அருமையான காரியம். ஆனால் அத்தகைய பழைய படங்களில் முகம் இருக்கும், பெயர் இருக்காது. கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை இருக்கிறது. அங்கே பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணத் திருமேனிகளின் கீழே, செய்வித்தவர் யார், யாருக்காகச் செய்வித்தார் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. அந்த மனிதர்களின் முகம் நமக்குத் தெரியாது, பெயர் தெரியும். நம்முடைய ஆல்பங்களிலோ முகம் மட்டும் இருக்கிறது. இரண்டு தலைமுறை போனால், நாற்காலியில் மீசையோடு உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது.

போன மாதம் அத்தையிடம் பழைய படத்தைக் காட்டி, "அன்னைக்கு நீ படத்துல நிக்கலையேன்னு உனக்கு வருத்தம் இல்லையா, அத்தை?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா நிக்கலைன்னு? மலைக்குப் பின்னால நின்னேன். நான் கையை விட்டிருந்தா உங்க மலை பருத்திக் காட்டுக்குல்ல போயிருக்கும்" என்றாள்.

அன்று இரவே படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். பின்புறம் பென்சிலால், இடமிருந்து வலமாக, அக்காளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபத்துமூன்று பெயர்களையும் எழுதினேன். இரண்டு பேரை அக்காளுக்கே நினைவில்லை, அத்தைதான் சொன்னாள். கடைசியில், மலையைப் பிடித்திருப்பவர் என்று போட்டு அவள் பெயரையும் எழுதி வைத்தேன். வாசகர்களும் தங்கள் வீட்டுச் சுவரிலிருக்கும் படங்களை ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.