நேர்வழியில் காண வேண்டிய படம்

உண்ணும் பொருள் ஹலாலானதா என வினவுவது நம் இல்லங்களின் வழக்கம். அது எவ்வாறு விளைந்தது, எவர் உழைப்பில் வந்தது என வினவுவோர் சிலரே. ராபர்ட் கென்னர் 2008-இல் இயக்கிய 'ஃபுட், இன்க்.' என்னும் ஆவணப்படம் அவ்வினாவை எழுப்புகிறது.

அமெரிக்கக் கோழிப் பண்ணைகளையும், மக்காச்சோளம் ஊட்டிக் கொழுக்க வைக்கும் மாடுகளையும், விதைக்கு உரிமை கோரும் நிறுவனங்களையும் படம் வரிசையாகக் காட்டுகிறது. பெருநிறுவனங்கள் பல பேட்டியளிக்க மறுத்தன. கரோல் மோரிசன் என்னும் பண்ணையாளரோ தம் கோழிக் கொட்டகையைத் திறந்து காட்டினார். கொட்டகையை முற்றும் மூடிய கூடமாக மாற்ற மறுத்தமையால் அவர் ஒப்பந்தத்தை இழந்தார் எனப் படம் உரைக்கிறது. படத்தின் உயிர்ப்பகுதி இதுவே.

குறையும் உண்டு. தீர்வின் பெரும்பங்கைப் படம் வாங்குவோர் தலையில் ஏற்றுகிறது. நம் கடற்கரை கண்டது வேறு. இறால் பண்ணைகளை எதிர்த்து எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தினுள் இருந்த பண்ணைகளை, மரபுமுறைப் பண்ணைகள் நீங்கலாக, அகற்றுமாறு 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதனைப் பெற்றுத் தந்தது கடைத்தெருவன்று; வழக்காடிய மக்களே.

இனி, இத்தகைய படத்தைக் காணும் வழி யாது? கள்ளப் பிரதியை நாடுவோர் உளர். பிறர் உழைப்பைச் சுரண்டுவது தீது எனக் கூறும் படத்தை, எடுத்தவர் உழைப்பைக் கவர்ந்து காண்பது முறையாகுமா? பொருட்செலவின்றியே நேர்வழிகள் உள்ளன. படைத்தோரே யூடியூபில் வெளியிட்ட ஆவணப்படங்கள் பல உண்டு. வெளியிட்டவர் உரிமையாளர்தாமா என முதலில் நோக்குக. விளம்பரங்களை இடையிட்டு இலவசமாக வழங்கும் தளங்களும் உள. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் நம் பிள்ளைகள், தம் பொது நூலகம் சேர்ந்திருப்பின், நூலக அட்டையைக் கொண்டே கேனோபி தளத்தில் காணலாம்.

கடலூர், சிதம்பரம் பள்ளிகளுக்கு இன்னொரு வாயிலும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், கல்வி நிலையம் தன் பணியின்போது ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிலையத்தோடு தொடர்புடையோர் ஆகியோர்க்கு மட்டும் திரைப்படம் காட்டுவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. பிரதி மட்டும் முறையாகப் பெற்றதாக இருக்கட்டும். ஆசிரியர்களே, பெற்றோரையும் அழைத்துக் காட்டுங்கள். காட்டியபின், பரங்கிப்பேட்டைக் கடலிலிருந்தும் நம் ஊர்ச் சந்தையிலிருந்தும் அடுக்களைக்கு வருவன பற்றியும் அதே வினாவை எழுப்புங்கள்.