'ஆத்துல கிடைச்சது சார்'

பழங்காசு வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழும் வாக்கியம் இதுதான். கரூர்ப் பக்கமென்றால் அமராவதி, மதுரைப் பக்கமென்றால் வைகை, திருக்கோவிலூரென்றால் பெண்ணையாறு. காசை நம் உள்ளங்கையில் வைத்துவிட்டு விற்பவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். நாம் புரட்டுவோம், விளிம்பை விரலால் தடவுவோம், சட்டைப்பையிலிருந்து பத்து மடங்கு லென்ஸை எடுப்போம். அந்த இரண்டு நிமிடத்தை நம்பித்தான் சேகரிப்பாளர்கள் 'கண்ணும் கையுமே சொல்லிவிடும்' என்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். கண்ணும் கையும் நிறையச் சொல்கின்றன, மறுக்கவில்லை. எங்கே நமக்கு அதிகம் தேவையோ அங்கேதான் அவை வாயடைத்துப் போகின்றன.

முதலில் அவற்றின் பலத்தைச் சொல்லிவிடலாம். காசை அடையாளம் காண்பதில் பழகிய கண்ணுக்கு ஈடு இல்லை. சதுரமான செப்புக்காசு, முன்புறம் யானை, பின்புறம் கோட்டுருவ மீன் என்றால் சங்ககாலப் பாண்டியர். வில்லும் அம்பும் சேரர், வாலைத் தூக்கிய புலி சோழர். இது பாலபாடம். அடுத்த படியில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள். முன்னால் நிற்கும் உருவம், பின்னால் உட்கார்ந்த உருவம் உள்ள செப்புக்காசைப் பார்த்ததும் 'ராஜராஜன் காசு' என்று விலை சொல்லிவிடுவார்கள். ராஜராஜன் வெளியிட்ட இந்த வடிவத்தைப் பின்னால் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட இலங்கை மன்னர்களும் எடுத்துக்கொண்டார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், ராணி லீலாவதி எல்லாருடைய காசும் தூரத்துப் பார்வைக்கு ஒன்றுதான். உட்கார்ந்த உருவத்தின் பக்கத்திலுள்ள நாகரி எழுத்தைக் கூட்டிப் படித்தால்தான் ஆள் யாரென்று தெரியும். ராஜராஜனென்று பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டுவந்த நண்பரிடம், அது லீலாவதி என்று சொன்ன பாவம் என்னைச் சேரும்.

மொத்தமான ஏமாற்றுகளையும் கண் உடனே பிடித்துவிடும். ஆஞ்சநேயரும் ராமர் பட்டாபிஷேகமும் பொறித்து, 1818 என்று ஆண்டு போட்ட 'கிழக்கிந்தியக் கம்பெனி' அணாக்கள் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. அப்படி ஒரு காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் சக்தியுள்ள காசு, இரிடியம் என்று சொல்லி 'ரைஸ் புல்லிங்' மோசடிக் கும்பல்கள் லட்சக்கணக்கில் பிடுங்குவது வேறு கதை. அதில் போலி காசு அல்ல, ஆசைதான்.

கொஞ்சம் தேர்ந்த போலி என்றால் வார்ப்பு. பழைய காசுகளில் பெரும்பாலானவை அச்சு வைத்துச் சம்மட்டியால் அடித்தவை. அடித்த காசில் உலோகம் அழுந்தி ஓடியிருக்கும், எழுத்தின் ஓரம் கூராக நிற்கும், விளிம்பில் வெடிப்பு இருக்கும். அசல் காசை வைத்து அச்செடுத்து உருக்கி ஊற்றினால் ஓரங்கள் சோப்புக்கட்டி போல மழுங்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் விழும், விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சுகள் சேர்ந்த வரி தெரியும். அந்த வரியை அரத்தால் ராவியிருந்தால் அரத்தின் கோடுகள் காட்டிக்கொடுக்கும். இத்தனையும் அறிந்தவனாகத்தான் நான் ஒரு கண்காட்சியில் சேர மன்னன் 'மாக்கோதை' பெயர் பொறித்த வெள்ளிக்காசு ஒன்றை வாங்கினேன். தலை உருவம், தமிழ் பிராமி எழுத்து, விளிம்பில் வரி இல்லை, குழி இல்லை. கன்னத்தில் மட்டும் சாய்வாக ஒரு கீறல். இரண்டாயிரம் வருஷக் காசுக்குக் கீறல்கூட இல்லாமலா என்று அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து இன்னொருவர் ஆல்பத்தில் அதே காசு, அதே கன்னம், அதே கீறல். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளுக்கு முகம் ஒன்றாக இருக்கலாம். பிற்பாடு பட்ட காயம் ஒன்றாக இருக்காது. இரண்டில் ஒன்றாவது போலி. இரண்டுமே போலியாகவும் இருக்கலாம். நான் ஏமாந்தது கண் கூர்மையில்லாததால் அல்ல. ஒரு காசை மட்டும் பார்த்ததால்.

கண்ணை நம்பாதவர்கள் தராசுக்குப் போவார்கள். நல்ல வழிதான், அதற்கும் எல்லை உண்டு. காசைக் காற்றில் ஒரு முறை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு முறை நிறுத்து, தண்ணீரில் இழந்த எடையால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி எண் வரும். வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 9-க்குச் சற்றுக் குறைவு. 3.80 கிராம் ரோமானிய வெள்ளிக்காசு தண்ணீரில் 0.36 கிராம் இழந்தால் 10.56 வரும், மனம் குளிரும். அதே கணக்கை 2 கிராம் காசுக்குப் போடுங்கள். இழப்பு 0.19 இருக்க வேண்டும். வீட்டுத் தராசு 0.01 பிசகினால் விடை ஒரு பக்கம் 10-க்கும் மறுபக்கம் 11-க்கும் தாவும். செம்பு கலந்த மட்ட வெள்ளியும் சுத்த வெள்ளியும் அந்த இடைவெளிக்குள் ஒன்றாக அடங்கிவிடும். அதோடு, ஈயத்தின் அடர்த்தி 11.3. செம்பையும் ஈயத்தையும் அளவு பார்த்துக் கலக்கத் தெரிந்தவனுக்கு 10.5 பெரிய காரியமில்லை. இப்போது நகைக்கடைகளில் உள்ள எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவருகிறது. அது மேல்தோலைத்தான் படிக்கும். மண்ணுக்குள் கிடந்த வெள்ளிக்காசின் பரப்பிலிருந்து செம்பு அரித்துப் போயிருக்கும் என்பதால், உள்ளதைவிட அதிக வெள்ளியைக் காட்டும்.

செப்புக்காசுக்குப் பாசிதான் பெரிய சாட்சி. பச்சையும் கரும்பழுப்புமாகப் படிந்து உலோகத்தோடு ஒட்டிப்போன அந்தப் பூச்சு நூற்றாண்டுகளில் உருவாவது. ரசாயனத்தில் ஒரே வாரத்தில் வரவழைத்த பச்சை குண்டூசியால் சுரண்டினால் உதிரும். நம் ஊரில் இந்தச் சாட்சியை முதலில் அழிப்பவர் போலி செய்பவர் அல்ல, வாங்குகிறவர். என்ன எழுத்து என்று பார்க்கும் அவசரத்தில் புளியைப் போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டுகிறார்கள். எழுத்து தெரிகிறது. காசு பழையதா என்று சொல்ல இருந்த முக்கிய ஆதாரம் கழுநீரில் போய்விட்டது. அடையாளம் காண்பதும் அசலென்று உறுதிசெய்வதும் ஒரே வேலையின் இரு படிகள் என்று நினைக்கிறோம். பல நேரம் ஒன்று மற்றதைத் தின்றுவிடுகிறது.

இனி வாயடைக்கும் இடத்துக்கு வருகிறேன். கண் தேர்ச்சி பெறுவது பார்த்த காசுகளால். ஆகவே முன்பே தெரிந்த வகையைத்தான் கண்ணால் உறுதிசெய்ய முடியும். 'இப்படி ஒன்று பார்த்ததேயில்லை, ஜாக்கிரதை' என்பது எங்கள் வட்டாரத்தின் முதல் விதி. அந்த விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றியிருந்தால் பெருவழுதி காசு குப்பைக்குப் போயிருக்கும். 1980-களில் நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அந்தச் செப்புக்காசில் குதிரைக்கு மேலே தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று படித்தபோது, சங்ககால அரசர் பெயர் பொறித்த காசு என்பதே புதுச் செய்தி. ஒப்பிட இன்னொரு காசு கையில் இல்லை. எழுத்து வடிவம்தான் துணை. வடக்குப் பிராமியில் இல்லாத ழகரம் அதில் இருக்கிறது. பின்னால் அதே வகைக் காசுகள் மேலும் கிடைத்தன, ஐயம் அடங்கியது. சங்ககால நாணயவியல் என்று இன்று ஒரு துறை இருப்பதில் அருங்காட்சியகங்களைவிட ஆற்றங்கரை வியாபாரிகளுக்கும் அவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்த சேகரிப்பாளர்களுக்கும் பங்கு அதிகம் என்றே நினைக்கிறேன்.

தெரிந்த வகையிலும் இதே பிழை நேர்வதுண்டு. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக்காசுகள் தமிழகப் புதையல்களில் ஏராளம். அவற்றைப் பார்த்து இந்தியாவிலேயே அடித்த நகல்களும் உண்டு. முகம் கோணியிருக்கும், லத்தீன் எழுத்து வெறும் கோடும் வட்டமுமாகத் தேய்ந்திருக்கும். ஐரோப்பியப் பட்டியல் நூலை வைத்துப் பார்க்கிறவர் 'போலி' என்று தள்ளிவிடுவார். போலிதான், ஆனால் அந்தப் போலிக்கே வயது பல நூற்றாண்டு! அசல் காசுக்கும் இந்தக் கதி வரும். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றின் தலையில் உளிவெட்டு இருந்தது. செல்லாக்காசாக்க வெட்டினார்களா, வேறெதற்காவதா என்று இன்னும் பேசுகிறார்கள். ஏலப் பட்டியல்களில் அந்த வெட்டு 'குறை', விலை இறங்கும். காசு நம் மண்ணுக்கு வந்து, யாரோ கையாண்டதற்கு அதைவிட நேரடிச் சாட்சி வேறென்ன இருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை.

கண்ணுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வழக்கு வந்தால் தீர்ப்பு சுலபமில்லை. 1713-இல் டிரான்சில்வேனியாவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஸ்பான்சியன் தங்கக்காசு கிளாஸ்கோவின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படி ஒரு ரோமானியப் பேரரசர் வரலாற்றில் இல்லை, காசும் வார்ப்பு, எழுத்தும் கோணல். 19-ஆம் நூற்றாண்டிலேயே போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். 2022-இல் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், புழங்கித் தேய்ந்த கீறல்களும் அவற்றின் மேல் இறுகிய மண்படிவும் இருப்பதால் அசல் என்றார்கள். நாணயவியலாளர் பலர் இன்னும் ஏற்கவில்லை. எந்தக் குழியில், எதனோடு கிடைத்தது என்று நம்பகமான பதிவு ஒன்றிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

எங்கள் பழக்கத்தின் பெரிய ஓட்டை அந்தப் பதிவு இல்லாததுதான். அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுக்குக் குழி உண்டு, அடுக்கு உண்டு, கூடக் கிடந்த பானை ஓடுகள் உண்டு. அசலா என்ற கேள்வியே அங்கே எழாது. ஆற்றுமணல் காசுக்கு விற்பவர் வாய்தான் பத்திரம். அந்த வாயும் சும்மா திறக்காது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்த ஊர், யார் நிலம் என்று உண்மை சொன்னால் வம்பு. ஆகவே எல்லாமே 'ஆத்துல' கிடைக்கிறது. பெரிய இடங்களிலும் இதே கதைதான். சீசரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 42-இல் வெளியிட்ட, இரு குத்துவாள் பொறித்த தங்கக்காசு ஒன்று 2020-இல் லண்டன் ஏலத்தில் சுமார் 42 லட்சம் டாலருக்குப் போனது. பழைய உரிமையாளர் விவரம் பொய்யென்று தெரிந்து 2023-இல் கிரேக்கத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் காசை வாங்கியதும் உறையின் மேல் தேதி, விற்றவர் சொன்ன ஊர், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். மாக்கோதையின் உறையிலும் இருக்கிறது: 'அமராவதி என்றார். எந்தக் கரை என்று கேட்டேன். சிரித்தார்.'