கோடும் குரலும்: சென்னை ஓவிய இயக்கம் – ஒரு மறுபார்வை

சென்னை ஓவிய இயக்கத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'இந்திய அடையாளம்' என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. மேற்கை நகலெடுக்காமல் நம் மரபிலிருந்தே நவீன ஓவியத்தை உருவாக்கினார்கள் என்பது அந்த இயக்கத்துக்கு நாம் வழக்கமாக வழங்கும் சான்றிதழ். அது பொய்யில்லை, ஆனால் போதாது. யந்திரம், ஜாதகக் கட்டம், நாட்டார் பொம்மை, கோயில் சிற்பத்தின் வளைவு எனச் சின்னங்களை எடுத்தாண்டவர்கள் அக்காலத்தில் பலர். அவர்களில் இன்றும் நம்மை நிறுத்திப் பார்க்க வைப்பவர்கள் சிலரே. அந்தச் சிலரிடம் இருந்தது என்ன?

இந்த இயக்கம் முளைத்த இடம், 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி. அது நெடுங்காலம் கைத்தொழிலுக்கு ஆள் தயாரிக்கும் இடமாகவே இருந்தது. தேவி பிரசாத் ராய் சௌதுரி பொறுப்பேற்ற பிறகுதான் ஓவியமும் சிற்பமும் அங்கே தலைநிமிர்ந்தன. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. தசைநார் ஒவ்வொன்றும் தெரியும் அந்த எதார்த்தம் மாணவர்களின் கையைப் பழக்கியது. பழகிய கை எதைச் சொல்வது என்பதை அவரவரே கண்டடைய வேண்டியிருந்தது.

முதலில் அந்தத் தவிப்பை வெளிப்படையாகச் சுமந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோவையில் பிறந்தவர். தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டுத் தாமதமாகவே ஓவியப் பள்ளிக்கு வந்தவர். கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டி நல்ல பெயர் வாங்கினார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். ஐம்பதுகளில் அவருடைய மனித உருவங்களில் வான்காவின் நிழல் விழுந்தது. 1954-ல் லண்டனையும் பாரிஸையும் பார்த்துத் திரும்பினார். 1957-ல் பள்ளியின் முதல்வரானார். இவ்வளவுக்குப் பிறகு, ஐம்பது வயதைக் கடந்து, 1963 வாக்கில்தான் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். கணிதக் குறிகள், கட்டங்கள், மலையாள எழுத்துகளைப் போன்ற கிறுக்கல்கள், நடுநடுவே பறவையும் பாம்பும். எழுத்துபோல் இருக்கும், படிக்க முடியாது. பாட்டனார் வீட்டுப் பரணில் கிடைத்த ஓலைச்சுவடியைப் புரட்டுவதுபோல், இது நமக்கானது என்று தெரிகிறது, என்ன சொல்கிறது என்று பிடிபடுவதில்லை. அந்த ஏக்கமே அவ்வோவியங்களின் உணர்ச்சி. அழும் முகம் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

சிக்கலும் இங்கேதான் தொடங்கியது. குருவுக்கு முப்பதாண்டு உழைப்பின் முடிவாகக் கிடைத்தது, பின்வந்த சிலருக்கு ஆயத்தமான வாய்ப்பாடாயிற்று. 1966-ல் அஜித் முகர்ஜியின் தந்திரக் கலை நூல் வெளிவந்து மேலைநாட்டார் கண் முக்கோணங்களின் மீதும் பிந்துக்களின் மீதும் விழுந்த காலம் அது. கேட்கிறவர் இருந்தால் வரைகிறவரும் இருப்பார். விதிவிலக்கின்றி எல்லாவற்றையும் அலங்காரம் என்று ஒதுக்குவது அநியாயம். ஆனால் ஒரே மாதிரியான சட்டகத்துக்குள் ஒரே மாதிரியான சின்னங்கள் திரும்பத் திரும்ப வந்தபோது, வரைந்தவர் யார் என்று சொல்ல முடியாத ஓவியங்கள் பெருகின. மரபு அங்கே கவசமாகிவிட்டது. அதற்குப் பின்னால் மனிதர் இருக்கிறாரா என்று தெரியவில்லை.

அதே 1966-ல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பாட்டிக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தில் வாங்கிய மணல்வெளி அது. ஓவியம் வாங்க ஆளில்லாத ஊரில் கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது. அதனால் ஓவியம் தோற்றுப்போகும் உரிமையைப் பெற்றது. அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்களே தனிக்குரல் பெற்றார்கள்.

கே. ராமானுஜம் அவர்களில் முதன்மையானவர். பேச்சு தடுமாறும், மனநோய் வாட்டியது. முப்பதுகளின் தொடக்கத்திலேயே, 1973-ல், தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டார். பேனாவும் மையும்கொண்டு அவர் எழுப்பிய மாளிகைகளில் பறக்கும் பெண்களும் பாம்புகளும் விசித்திர விலங்குகளும் உலவுகின்றன. நடுவே தொப்பி அணிந்த ஒருவர், அது அவரேதான். சி. மோகனின் 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' நாவல் வழியே தமிழ் இலக்கிய வாசகர்கள் பலருக்கு அவர் அறிமுகம். ஆனால் அவருடைய நோயே கலையாயிற்று என்று சொல்வது சோம்பல். கோட்டின் மேல் கோடு நெய்து இருளை உண்டாக்கி, அதன் நடுவே வெள்ளைத்தாளை விளக்காக விட்டுவைக்கும் பொறுமையை நோய் தராது. வாழ்க்கையில் கிடைக்காத அரச மரியாதையை அவர் தாளில் தனக்கே வழங்கிக்கொண்டார். அதைச் செய்து முடித்தது பழகிய கை.

கேரளத்துப் பொன்னானிப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து பணிக்கரிடம் பயின்ற டி.கே. பத்மினி 1969-ல், முப்பது வயதுகூட நிறையாமல், பிரசவத்தில் இறந்தார். அவருடைய பெண்களைத் தேவியர் என்றோ அன்னையர் என்றோ சொல்ல முடியாது. கரும்பச்சையும் பழுப்பும் சூழ, தம் உடலைத் தாமே முதன்முறை பார்ப்பவர்களாக நிற்கிறார்கள். மரபு, நவீனம் என்ற பட்டிமன்றத்தில் இயக்கத்தின் ஆண்கள் மூழ்கியிருந்தபோது, அவர் கேட்டது வேறு கேள்வி. இயக்கத்தின் வரலாற்றில் அவருக்குத் தரப்படும் இடம் இன்றும் சிறிது.

மூன்றாமவர் கே.எம். ஆதிமூலம். துறையூருக்கு அருகே கீராம்பூரில் 1938-ல் பிறந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ல் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் புகழ்பெற்றவை. நூற்றாண்டு விழாக்கள் காந்தியைப் புன்னகைக்கும் படமாக்கிக்கொண்டிருந்தபோது, ஆதிமூலத்தின் கோடுகள் அவரை முடிச்சு விழுந்த, சில இடங்களில் அவிழ்ந்துபோகும் உருவமாகக் கண்டன. சிறுபத்திரிகைகளிலும் புத்தக அட்டைகளிலும் அவர் கோடு தமிழ் இலக்கியத்தின் முகமாயிற்று. கோட்டால் பெயர் பெற்ற அதே மனிதர், பின்னாளில் கோட்டைக் கைவிட்டு, வண்ணப்பரப்புகள் மட்டுமே உள்ள அரூப ஓவியங்களுக்குப் போனார். கைதட்டல் கிடைக்கும் இடத்திலிருந்து எழுந்துபோவது எளிதல்ல.

இம்மூவரோடு எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ், ஆர்.பி. பாஸ்கரன் ஆகியோரையும் விரிவாகப் பேச வேண்டும். தனித்தனிக் கட்டுரைகளுக்குரியவர்கள் அவர்கள். என்றாலும் அவர்களிடமும் பொதுவாகத் தெரியும் ஒன்று உண்டு: பொருளைப் பெயர்த்தெடுத்துவிட்டாலும் கோடு அவர்களைக் காட்டிக்கொடுக்கும். பாஸ்கரனின் பூனையையும், பழைய திருமணப் புகைப்படங்களை நினைவூட்டும் அவருடைய தம்பதியரையும் கையெழுத்தில்லாமலே அடையாளம் காணலாம்.

ஓவியத்தில் உண்மைக்குரல் என்பது எடுத்துக்கொண்ட பொருளிலோ, மரபின் அளவிலோ, துயரத்தின் கனத்திலோ இல்லை. வேறொருவர் கை இதைச் செய்திருக்க முடியுமா, தனக்குக் கைவந்ததை இவர் எப்போதாவது துறந்தாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் தாக்குப்பிடிப்பதே அது. அந்தக் கணக்கில் சென்னை இயக்கம் நமக்கு விட்டுச்சென்றது ஒரு பாணியை அல்ல, ஐந்தாறு மனிதர்களை. சோழமண்டலத்தில் 2009 முதல் இந்த இயக்கத்துக்கெனவே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. போகிறவர்கள் விளக்கப் பலகைகளைக் கடைசியில் படித்துக்கொள்ளட்டும். முதலில் கோடுகளைப் பார்க்கட்டும்.