பானெட் திறந்திருக்கு, ஆனா மூடியிருக்குன்னு கார் சொல்லுது

போன மாதம் டெக்சாஸில் இருக்கும் என் சித்தி பையன் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினான். "அண்ணா, எப்படி இருக்கு பாரு" என்று போட்டோ அனுப்பினான். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் 17 இலக்க வின் எண்ணும் அதில் தெளிவாகத் தெரிந்தது. கை சும்மா இருக்காமல் அந்த எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சாவின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஹூட் லாட்ச் ரீகால் ஒன்று, இன்னும் சரிசெய்யப்படவில்லை என்று காட்டியது. (நாம் பானெட் என்பதை அங்கே ஹூட் என்பார்கள்.) அவனிடம் சொன்னால், "எனக்கு லெட்டர் எதுவும் வரலையே" என்கிறான். எப்படி வரும்? முந்தைய ஓனர் முகவரிக்குப் போயிருக்கும்.

அதற்கப்புறம் இரண்டு வார இறுதிகள் ஹூட் லாட்ச் ரீகால் அறிக்கைகளாகவே படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் திட்டு விழுந்தது வேறு கதை. படித்ததில் எனக்கு வந்த குறையை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் லாட்ச் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பானெட்டுக்கு இரண்டு பிடிப்புகள் உண்டு. உள்ளே லீவரை இழுத்தால் முதல் பிடி விடும், பானெட் ஒரு இரண்டு விரல் உயரம் எழும்பி நிற்கும். அதற்கு மேல் தூக்க வேண்டுமானால் இடுக்கில் விரலை விட்டு இரண்டாவது கொக்கியைத் தள்ளணும். முன்பக்கமிருந்து திறக்கும் பானெட் டிரைவரின் பார்வையை மறைக்கும் என்றால் இந்த இரண்டாவது பிடி கட்டாயம் என்று அமெரிக்கப் பாதுகாப்பு விதி 113 சொல்கிறது. காரணம் புரிகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் பானெட் காற்றில் எகிறி முன்கண்ணாடியில் விழுந்தால், அடுத்த சில விநாடிகளுக்கு நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறீர்கள்.

இந்த இரண்டாவது கொக்கி எனக்கு ஆபீசில் பார்த்த பேக்கப்பை ஞாபகப்படுத்துது. தினமும் ராத்திரி பேக்கப் ஓடும், எல்லாம் பச்சை விளக்கு. ஒருத்தரும் ரீஸ்டோர் பண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். என்றைக்காவது சர்வர் போனால்தான் பேக்கப் ஃபைல் காலி என்று தெரியும். கொக்கியும் அப்படித்தான். முதல் பிடி ஒழுங்காக இருக்கும்வரை இரண்டாவது துருப்பிடித்துக் கிடப்பது யாருக்கும் தெரியாது.

நிசான் ஆல்டிமாவில் நடந்தது கிட்டத்தட்ட இதே. இரண்டாவது கொக்கி சுழலும் இடத்தில் தூசியும் ஈரமும் சேர்ந்து, மேல்பூச்சு போய், துரு ஏறி, கொக்கி திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். 2014இலேயே இதற்கு ரீகால் வந்தது. பிறகு மறுபடியும், மறுபடியும். கடைசியில் 2020இல் 2013 முதல் 2018 வரையிலான மாடல்கள், 18 லட்சம் கார்களுக்கு மேல், திரும்பவும் பட்டியலில் ஏறின. ஒரே பக்கை நாலு தடவை மூடி நாலு தடவை ரீஓப்பன் பண்ணினால் எங்கள் டீமில் என்ன பேச்சு வாங்குவோம் என்று நினைத்துக்கொண்டேன். இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. நிரந்தரத் தீர்வு வரும்வரை ஓனர்கள் மேனுவலில் உள்ளபடி கொக்கியைப் பரிசோதித்துப் பராமரித்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்வது தப்பில்லை. ஆனால் கார் மேனுவலை யார் படிக்கிறார்கள்? அது டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடக்கும். பரிசோதனை என்னவோ ஒரு நிமிட வேலை. லீவரை இழுத்துவிட்டு, இடுக்கில் விரல் விடாமல் பானெட்டின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கணும். தூக்க வரவில்லை என்றால் கொக்கி பிடிக்கிறது. கையோடு வந்தால் பிடிக்கவில்லை. இந்த நாலு வரி கடிதத்தின் முதல் பத்தியில் இருக்கணும். நான் பார்த்த ரீகால் அறிக்கைகளில் சட்ட வாசகம்தான் முதல் பத்தி.

இன்னொரு பக்கம் டெஸ்லா. 2024 ஜூலையில் அமெரிக்காவில் 18,49,638 கார்களுக்கு ஹூட் லாட்ச் ரீகால். எண்ணிக்கை ஏறக்குறைய ஆல்டிமா அளவுதான், கதை வேறு. சீனாவில் ஓடும் கார்களில் பானெட் தானாகத் திறந்துகொள்கிறது என்று அந்த வருட மார்ச்சில் புகார்கள் வர, தோண்டிப் பார்த்ததில் லாட்ச்சுக்குள் இருக்கும் சுவிட்ச் உருக்குலைந்திருந்தது. பானெட் சரியாக மூடவில்லை என்றாலும் அது அதைக் கண்டுபிடிக்காது. கார் "எல்லாம் மூடியிருக்கு" என்று நம்பிக்கொண்டு கிளம்பும். மின்சாரக் காரில் முன்பக்கம் எஞ்சின் கிடையாது, அது சாமான் வைக்கும் பெட்டி. வழக்கமான காரில் பானெட்டைத் திறப்பது மாதத்துக்கு ஒரு தடவைகூட இருக்காது. இதிலோ மளிகை வாங்கும்போதெல்லாம் திறக்கலாம். திறக்கத் திறக்க, சரியாக மூடாமல் விடும் வாய்ப்பும் கூடும்.

தீர்வு? சாப்ட்வேர் அப்டேட். பானெட் திறந்திருப்பதைக் கண்டுபிடித்து டிரைவருக்குத் திரையில் எச்சரிக்கை கொடுக்கும். ஜூனிலேயே கார்களுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. யாரும் லீவு போட்டு சர்வீஸ் சென்டர் போக வேண்டியதில்லை. லட்சக்கணக்கான கார்களைச் சில வாரங்களில் எட்டிவிடுகிற இந்த வேகத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை, நானும் சாப்ட்வேர்காரன்தானே.

ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்லணும். இது எச்சரிக்கை, பழுதுபார்ப்பு அல்ல. உருக்குலைந்த சுவிட்ச் அங்கேயேதான் இருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் பக்கைச் சரிசெய்யவில்லை, மானிட்டரிங் சேர்த்திருக்கிறோம். பல நேரங்களில் அதுவே சரியான முடிவாகவும் இருக்கும். பானெட்டை ஒழுங்காக அழுத்தி மூடினால் ஆபத்தில்லை என்கிறபோது, "மூடலை" என்று நேரத்துக்குச் சொல்வதுதான் தேவை. ஆனால் ரிலீஸ் நோட்டில் அதை அப்படியே எழுதணும். "சரியாகிவிட்டது" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டையும் போட்டு மூடக்கூடாது.

சாப்ட்வேர் அப்டேட்டுக்கு ரீகால் என்ற பெயரே பொருந்தாது என்று ஈலோன் மஸ்க் முன்பே எரிச்சல்பட்டிருக்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1966 சட்டத்திலிருந்து வரும் இந்த ஏற்பாட்டில் முக்கியமானது வண்டி திரும்பி வருவதல்ல. குறை இருப்பதாக முடிவானால் ஐந்து வேலைநாளில் அரசுக்குச் சொல்லணும், ஓனருக்கு 60 நாளில் கடிதம் போகணும், காசு வாங்காமல் சரிசெய்யணும், எல்லாம் பொதுப் பதிவில் இருக்கணும். பெயரை எடுத்துவிட்டால் இந்தப் பதிவும் சத்தமில்லாமல் போய்விடும். அந்தப் பதிவு இல்லை என்றால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு டெக்சாஸ் காரின் லாட்ச்சைப் பற்றி எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

என் உண்மையான கோபம் வேறு இடத்தில். ரீகால் நிலுவையில் இருக்கும் புதுக் காரை டீலர் விற்கக்கூடாது. பழைய காரை விற்கலாம்! அமெரிக்க மத்திய சட்டம் இன்றைக்கும் அதைத் தடுக்கவில்லை. வாடகைக் கார்களிலும் ஒரு காலத்தில் இதே நிலைமைதான். 2004இல் கலிஃபோர்னியாவில் ரேச்சல் ஹௌக், ஜாக்குலின் ஹௌக் என்ற சகோதரிகள் ஸ்டியரிங் ஹோஸ் ரீகால் சரிசெய்யப்படாத வாடகைக் காரில் போய் இறந்தார்கள். அவர்கள் அம்மா வருடக்கணக்காகப் போராடி, 2015இல் அவர்கள் பெயரிலேயே சட்டம் வந்தது. அதன்படி 35 வண்டியோ அதற்கு மேலோ வைத்திருக்கும் வாடகை நிறுவனங்கள் நிலுவை ரீகால் உள்ள காரை வாடகைக்கு விடக்கூடாது. ஒரு நாள் வாடகைக்கு எடுப்பவருக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, பத்து வருடம் ஓட்டப்போகிறவனுக்குக் கிடையாது. விற்கும்போது வின் எண்ணை ஒரு தடவை தட்டிப் பார்ப்பது விற்பவருக்கு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை வாங்குகிறவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். என் தம்பி மாதிரி ஆட்களுக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது.

அவனை அன்றைக்கே அந்த ஒரு நிமிடப் பரிசோதனையைச் செய்யச் சொன்னேன். வீடியோ அனுப்பினான். லீவரை இழுத்தான், பானெட் எழும்பியது, ஒரு கையால் தூக்கினான். எங்கேயும் தடுக்காமல் முழுசாகத் திறந்துகொண்டது. "ஸ்மூத்தா இருக்குல்ல அண்ணா?" என்று வீடியோவில் அவன் குரல். உடனே போன் போட்டேன். டீலரிடம் அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்திருக்கிறது, பார்ட் இலவசம். அதுவரை ஹைவே பக்கம் போக மாட்டேன் என்று சித்தி மேல் சத்தியம் பண்ணியிருக்கிறான்.